ஆம்ப்ளிஃபயர்ல பாட்டு வரலையா? வீட்டிலேயே எதையெல்லாம் பார்க்கலாம், எங்கே நிறுத்தணும்? முழு விளக்கம்!

பண்டிகை நாள் காலையில் பாட்டு போடலாம் என்று அலமாரி மேலிருந்து ஆம்ப்ளிஃபயரை இறக்கி, தூசி தட்டி, ஸ்விட்ச்சை போடுகிறீர்கள். சிவப்பு லைட் எரிகிறது. பாட்டு வரவில்லை. அல்லது ஒரு பக்கம் மட்டும் வருகிறது. அதுவும் இல்லையென்றால் பாட்டுக்குப் பதிலாக 'ம்ம்ம்ம்' என்று ஒரு உறுமல்.

உடனே பக்கத்தில் நிற்பவர் ஒரு தீர்ப்பு சொல்வார்: "ஐசி போயிருக்கும்". நூறு, இருநூறு ரூபாய்க்கு ஐசி வாங்கி மாற்றுவோம். ஸ்விட்ச் போட்ட அடுத்த நொடியே அதுவும் டப்பென்று போய்விடும். கூடவே நன்றாக இருந்த ஸ்பீக்கரும் போய்விடும்.

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேரில் புதிதாக இறங்குபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். அளந்து பார்க்காமல் மாற்றுவது. ஒரு மல்டிமீட்டர், ஒரு குண்டு பல்பு, ஒரு பென்டார்ச் செல், ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன். இவ்வளவு இருந்தால் கோளாறு எந்த இடத்தில் என்பதையாவது கண்டுபிடித்துவிடலாம். ஆனால் வரிசை முக்கியம். எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம்.

எல்லா ஆம்ப்ளிஃபயரையும் திறக்கலாமா?

கூடாது. முதலில் தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கனமாக இருந்தால் உள்ளே இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று அர்த்தம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், கேபினெட் என்று தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்த செட்கள் பலவும் இந்த வகைதான். இதில் கரண்ட் 230 வோல்ட்டாக டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும்தான் வரும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் குறைந்த வோல்டேஜ்.

பெட்டி பெரிதாக இருந்தும் எடையே இல்லை என்றால் அது எஸ்எம்பிஎஸ் வகை. செல்போன் சார்ஜரைப் பெரிதாக்கிய மாதிரி ஒரு பவர் சப்ளை. இதில் 230 வோல்ட் ஏசி நேரடியாக டிசியாக மாறி, சுமார் 320 வோல்ட்டாக ஒரு கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கை பிடுங்கிய பிறகும் நிற்கலாம். புதியவர்கள் இதைத் திறக்கவே வேண்டாம். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயருக்கும் இதே எச்சரிக்கை.

இந்தக் கட்டுரையில் சொல்வது டிரான்ஸ்ஃபார்மர் செட்டுக்கு மட்டும். உதாரணத்துக்கு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்துக்கு ஒரு டிடிஏ 2030 ஐசி போட்ட ஒரு ஸ்டீரியோ செட்டை எடுத்துக்கொள்வோம். இந்த செட்டில் வலது பக்கம் பாட்டு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு விஷயம். செட்டின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் கை 'சுர்'ரென்று இழுக்கிறதா? டெஸ்டர் வைத்தால் லைட் எரிகிறதா? அப்படியென்றால் பாட்டு வருகிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். பிளக்கை பிடுங்கி ஓரமாக வையுங்கள். எர்த் இல்லாத 2 பின் வயர் போட்ட செட்களில் கரண்ட் லீக் ஆனால் அது போக வேறு வழி இல்லை, தொடுகிற ஆள்தான் வழி. எலக்ட்ரீஷியனோ மெக்கானிக்கோ பார்க்காமல் அதை மறுபடி போடக் கூடாது.

ஸ்க்ரூ கழற்றும் முன் செய்ய வேண்டியவை

பாட்டு போனிலிருந்து வருகிறதா, ப்ளூடூத் போர்டிலிருந்து வருகிறதா, பென்டிரைவிலிருந்து வருகிறதா? ஒன்றை மாற்றி இன்னொன்றில் பாருங்கள். ப்ளூடூத்தில் வரவில்லை, ஆக்ஸ் வயரில் வருகிறது என்றால் ஆம்ப்ளிஃபயர் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சின்ன போர்டு மட்டும்தான் போயிருக்கிறது.

ஒரு பக்கம் மட்டும் வரவில்லை என்றால், செட்டை ஆஃப் செய்துவிட்டு, இன்புட் வயரில் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிக் குத்துங்கள். சத்தம் வராத பக்கமும் மாறிவிட்டதா? கோளாறு வயரிலோ போனிலோ இருக்கிறது. மாறவில்லையா? கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் பாதி இடத்தைத் தேடி முடித்துவிட்டோம்.

அடுத்து ஸ்பீக்கர். இங்கேதான் கவனம். "வலது பக்கம் வரல, இடது பக்க ஸ்பீக்கரை எடுத்து வலதுல மாட்டிப் பார்ப்போம்" என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். செய்யாதீர்கள். வலது பக்க ஐசி ஷார்ட் ஆகி இருந்தால், பாட்டுக்குப் பதில் நேரடியாக டிசி வோல்டேஜ் வெளியே வந்துகொண்டிருக்கும். நமது 12-0-12 செட்டில் அது சுமார் 16 வோல்ட். 8 ஓம்ஸ் ஸ்பீக்கரின் காயிலை மீட்டரில் அளந்தால் 6 ஓம்ஸ் சொச்சம்தான் இருக்கும். கணக்குப் போட்டால் 40 வாட்டுக்கு மேல் வருகிறது. ஒரு 40 வாட் சால்டரிங் அயர்னை ஸ்பீக்கருக்குள் வைத்து மூடிய மாதிரி. 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர் போட்ட பெரிய செட் என்றால் 180 வாட்டுக்கு மேல் போகும். காயில் கருகும், பேப்பர் கோனில் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

அதனால் ஸ்பீக்கரை தனியாகக் கழற்றி சோதியுங்கள். மல்டிமீட்டரை 200 ஓம்ஸில் வைத்து ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் வையுங்கள். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 6 முதல் 7, 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 3 சொச்சம் காட்டினால் நல்லது. எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்துவிட்டது. மீட்டர் இல்லையென்றால் ஒரு 1.5 வோல்ட் பென்டார்ச் செல்லை எடுத்து இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது.

மீட்டரில் கிட்டத்தட்ட ஜீரோ காட்டினால்? ஸ்பீக்கரோ, அதற்குப் போகும் வயரோ ஷார்ட். அதைக் கொண்டுபோய் நல்ல பக்கத்தில் மாட்டினால் அந்தப் பக்க ஐசியும் போய்விடும். ஸ்பீக்கர் டெர்மினலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு செப்பு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் இதே கதைதான். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை பாருங்கள்.

ஃபியூஸ் போயிருந்தால்?

லைட்டே எரியவில்லை என்றால் பின்பக்கம் உள்ள கண்ணாடி ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்து மட்டும் இருந்தால் பழசாகி போயிருக்கலாம். கண்ணாடியே கறுத்துப் போயிருந்தால் உள்ளே எங்கேயோ பலமான ஷார்ட். இரண்டு சமயத்திலும் பலரும் செய்வது, ஃபியூஸ் மேல் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றி மாட்டுவது அல்லது சிகரெட் பெட்டி சில்வர் பேப்பரைச் சுருட்டி வைப்பது. இதைவிட ஆபத்தான வேலை இந்த ரிப்பேரில் வேறு கிடையாது. ஃபியூஸ் போகாது, டிரான்ஸ்ஃபார்மர் எரியும். பழைய ஃபியூஸின் மூடியில் ஆம்பியர் எண் இருக்கும். அதே எண்ணில் வாங்குங்கள்.

வாங்கியதை உடனே மாட்டி ஸ்விட்ச் போட வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு பல்பு வேண்டும்.

மெக்கானிக் கடைகளில் தொங்கும் அந்த குண்டு பல்பு எதற்கு?

ரேடியோ, டிவி மெக்கானிக் கடைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மேஜையின் மேல் ஒரு குண்டு பல்பு, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட். அதுதான் சீரிஸ் போர்டு. பிளக் பாயின்ட்டுக்குப் போகும் பேஸ் வயரை நடுவில் வெட்டி, அந்த இடைவெளியில் பல்பு ஹோல்டரை இணைத்திருப்பார்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கரண்ட் முழுவதும் பல்பு வழியாகத்தான் போக வேண்டும்.

உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அவ்வளவுதான், வேறு எதுவும் எரியாது. 60 வாட் பல்பு என்றால் கால் ஆம்பியர் அளவுக்கு மேல் கரண்ட்டை அது விடாது. எல்லாம் சரியாக இருந்தால், ஸ்விட்ச் போட்டதும் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் அந்த ஒரு நொடி 'பளிச்'சென்று எரிந்து, பிறகு மங்கி அணைந்துவிடும்.

எல்இடி பல்பு இதற்கு உதவாது. பழைய டங்ஸ்டன் குண்டு பல்புதான் வேண்டும். சின்ன செட்டுக்கு 60 வாட், பெரிய செட்டுக்கு 100 வாட். இந்த போர்டை நீங்களே வயரிங் செய்யத் தெரியாதென்றால் தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் போதும், செய்து தருவார். பல்பு செட்டைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல என்பது நினைவிருக்கட்டும். சீரிஸ் போர்டில் மாட்டியிருந்தாலும் ஷாக் அதே ஷாக்தான்.

ஸ்பீக்கர்கள் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, புது ஃபியூஸ் போட்டு, சீரிஸ் போர்டில் மாட்டி ஸ்விட்ச் போடுங்கள். பல்பு அணையாமல் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போர்டுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மரே காலி. எரியவில்லை என்றால் ஷார்ட் போர்டில் இருக்கிறது.

மூடியைத் திறந்ததும்...

பிளக்கை முழுவதுமாகப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். ஸ்விட்ச்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. உள்ளே டப்பா மாதிரி நிற்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் (மெக்கானிக்குகள் கண்டன்சர் என்பார்கள்) சார்ஜ் மிச்சம் இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு காலையும் ஷார்ட் செய்து 'பட்' என்று வெடிக்க விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வீரம்தான், ஆனால் கெப்பாசிட்டருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. ஒரு 100 ஓம்ஸ் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிடித்து இரண்டு கால்களிலும் பத்து நொடி வையுங்கள். பிறகு மீட்டரில் டிசி வோல்டேஜ் பார்த்து, ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் வந்துவிட்டது என்று உறுதியான பிறகு கை வையுங்கள்.

இப்போது மீட்டரை வைத்துவிட்டு கண்ணையும் மூக்கையும் பயன்படுத்துங்கள். கருகிய வாசனை எங்கிருந்து வருகிறது? கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பி இருக்கிறதா? ரெசிஸ்டர் ஏதாவது கறுத்திருக்கிறதா? ஐசி மேல் வெடிப்பு உண்டா? (வருடக்கணக்கில் பூட்டி வைத்த செட்டில் காய்ந்த பல்லியும் கரப்பான் எச்சமும் ஷார்ட்டுக்குக் காரணமாக இருப்பது உண்டு. பெயின்ட் பிரஷ்ஷால் நன்றாகச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.)

போர்டைத் திருப்பி ஈயம் வைத்த இடங்களைப் பாருங்கள். ஆடி ஆடிப் போகிற பாகங்களின் கால்கள்தான் முதலில் விடும்: வால்யூம் கன்ட்ரோல், இன்புட் சாக்கெட், ஸ்பீக்கர் டெர்மினல், ஹீட் சிங்க்கோடு இறுக்கிய ஐசி. காலைச் சுற்றி மெல்லிய வட்டமாக ஒரு விரிசல் தெரிந்தால் அதுதான் டிரை சோல்டர். தட்டினால் பாட்டு வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். சால்டரிங் அயர்னை வைத்து, கொஞ்சம் புது ஈயம் கொடுத்து உருக்கி விட்டால் போதும்.

வால்யூமைத் திருப்பும்போது 'கரகர' என்று சத்தம் வருகிறதா? உள்ளே கார்பன் பட்டையில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை உள்ளே அடித்து, பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் வைத்தியம் வேண்டாம், தூசிதான் ஒட்டும்.

அளக்க வேண்டியது மூன்றே இடம்

இனி செட்டை ஆன் செய்து அளக்க வேண்டும். காலில் செருப்பு, கீழே காய்ந்த தரை. மீட்டரின் கறுப்பு வயரை ஒரு முதலை கிளிப் வைத்து கிரவுண்டில், அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் நடு வயர் வந்து சேரும் இடத்தில் மாட்டிவிடுங்கள். சிவப்பு வயரை ஒரு கையில் பிடியுங்கள். இன்னொரு கை பெட்டியைத் தொடக் கூடாது. ஸ்விட்ச்சும் ஃபியூஸும் இருக்கும் 230 வோல்ட் பக்கத்துக்குப் போகவே கூடாது, அங்கே நமக்கு வேலை இல்லை.

முதல் இடம், டிரான்ஸ்ஃபார்மரின் அவுட்புட். மீட்டர் ஏசியில். நடு வயருக்கும் ஓர வயர் ஒவ்வொன்றுக்கும் 12 வோல்ட், சுமை இல்லாதபோது இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாக. சீரிஸ் பல்பு இருந்தால் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. ஒரு பக்கம் வருகிறது, ஒரு பக்கம் இல்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மரையும் அதன் வயர்களையும் பாருங்கள்.

இரண்டாவது இடம், பெரிய கெப்பாசிட்டர்கள். மீட்டர் டிசியில். ஒன்றில் பிளஸ் 16, இன்னொன்றில் மைனஸ் 16, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். 12 வோல்ட் ஏசி எப்படி 16 ஆனது என்று குழம்ப வேண்டாம். ஏசியின் உச்சம் மீட்டர் காட்டுவதைப் போல 1.4 மடங்கு. அந்த உச்சத்தைத்தான் கெப்பாசிட்டர் பிடித்து வைக்கும். ஏசி இருந்து டிசி இல்லையென்றால் பிரிட்ஜ் டையோடு போயிருக்கும்.

மூன்றாவது இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்பீக்கர் டெர்மினல். ஸ்பீக்கரை மாட்டாமல், பாட்டு போடாமல், வால்யூம் ஜீரோவில். முதலில் 200 வோல்ட் டிசியில் வைத்துப் பாருங்கள், ஒன்றுமில்லை என்றால் 2000 மில்லிவோல்ட்டுக்கு இறக்குங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கம் ஸ்பீக்கர் மாட்டத் தகுதியானது. 16 வோல்ட்டோ அதற்குப் பக்கத்திலோ நின்றால் ஐசி போய்விட்டது. இந்த அளவைப் பார்க்காமல் எந்த ஸ்பீக்கரையும் மாட்டாதீர்கள்.

ஒரு பக்கம் டிசி சரி, சப்ளை சரி, ஆனாலும் சத்தமே இல்லை என்றால் ஐசியைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. இன்புட் சாக்கெட்டிலிருந்து வால்யூம் வழியாக ஐசி வரை போகும் மெல்லிய ஷீல்டு வயர் எங்கேயோ அறுந்திருக்கலாம். செட்டை ஆஃப் செய்து, மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒவ்வொரு துண்டாகப் பாருங்கள். டிடிஏ 7294 மாதிரி ஐசிகளில் மியூட், ஸ்டான்ட்பை என்று இரண்டு கால்கள் உண்டு. அவற்றுக்கு வோல்டேஜ் போகவில்லை என்றால் ஐசி நன்றாக இருந்தும் வாய் திறக்காது.

உங்கள் செட்டில் இருப்பது 4440 ஐசி என்றால் கணக்கு வேறு. அதற்கு மைனஸ் சப்ளை கிடையாது. அவுட்புட் கால்களான 10, 12-ல் சப்ளையில் பாதி வோல்டேஜ் நிற்பதுதான் சரி. 13 வோல்ட் சப்ளை என்றால் ஆறரை. ஸ்டீரியோவாக இணைத்திருந்தால் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பெரிய கெப்பாசிட்டர் அந்த டிசியைத் தடுத்து நிறுத்தும். பாதி இல்லாமல் முழு சப்ளையோ ஜீரோவோ காட்டினால் சந்தேகப்படுங்கள்.

உறுமல் மட்டும் வந்தால்?

வால்யூமை ஜீரோவுக்கு இறக்குங்கள். உறுமலும் சேர்ந்து குறைகிறதா? அது வெளியிலிருந்து வருகிறது: இன்புட் வயரின் ஷீல்டு அறுந்திருக்கும், அல்லது சாக்கெட்டின் கிரவுண்ட் விட்டிருக்கும். ஜீரோவிலும் அதே அளவு உறுமுகிறதா? பெரிய கெப்பாசிட்டர் காய்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றும்போது மைக்ரோ ஃபாரட் அதே அளவு, வோல்டேஜ் அதே அல்லது கூடுதல். பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் வெடிக்கும்.

ஐசி மாற்றியே ஆக வேண்டும் என்றால்...

ஹீட் சிங்க்குக்கும் ஐசிக்கும் நடுவில் ஒரு மெல்லிய மைக்கா தகடு இருந்ததா என்று கழற்றும்போதே பாருங்கள். டிடிஏ 2030-ன் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்காவும் ஸ்க்ரூவுக்கான பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல், பெட்டியோடு சேர்ந்த ஹீட் சிங்க்கில் இறுக்கினால் மைனஸ் சப்ளை நேராக கிரவுண்டில் ஷார்ட். "புது ஐசி போட்டதும் போச்சு" என்பதற்கு ஒரு காரணம் இது. இறுக்கிய பிறகு ஐசி முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் மீட்டர் பீப் அடிக்கக் கூடாது.

பெரிய செட்களில் 5200, 1943 என்ற டிரான்சிஸ்டர் ஜோடி இருக்கும். இவற்றில் போலிகள் சந்தையில் ஏராளம். விலை பாதியாக இருந்தால் யோசித்து வாங்குங்கள். ஒன்று போனால் ஜோடியையும் மாற்றுவது நல்லது. அவற்றோடு இருக்கும் 0.22 ஓம்ஸ் மாதிரியான வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர்களையும், முன்னால் உள்ள சின்ன டிரைவர் டிரான்சிஸ்டர்களையும் பார்க்காமல் புதுசைப் போட்டால் அதுவும் உடனே கூடச் சேர்ந்து போகும். இந்த செட்களில் சப்ளை பிளஸ் 50, மைனஸ் 50 என்று போகும். இரண்டுக்கும் நடுவில் 100 வோல்ட் டிசி. முதல் ரிப்பேரை இதில் பழக வேண்டாம்.

எதை மாற்றினாலும், மறுபடி அதே வரிசைதான்: ஸ்பீக்கர் இல்லாமல், சீரிஸ் பல்பு வழியாக ஸ்விட்ச். பல்பு அணைந்ததா, அவுட்புட்டில் டிசி இல்லையா என்று பாருங்கள். பிறகு உதவாத ஒரு பழைய ஸ்பீக்கரை மாட்டி, குறைந்த வால்யூமில் பாட்டு. அதன் பிறகே நேரடி கரண்ட்டும் நல்ல ஸ்பீக்கரும்.

இதற்கு நடுவில் பல்பு ஏன் எரிகிறது என்று புரியவில்லை, அல்லது ஐசி மாற்றியும் அதே 16 வோல்ட் நிற்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போகலாம். போகும்போது அளந்ததை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். "பாட்டு வரல அண்ணே" என்பதற்குப் பதிலாக, "டிரான்ஸ்ஃபார்மர்ல 12-12 வருது, டிசி பிளஸ் மைனஸ் 16 இருக்கு, வலது பக்கம் அவுட்புட்ல 16 நிக்குது, ஐசி மாத்தியும் அப்படியே இருக்கு" என்று சொன்னால், பெட்டியைத் திறக்கும் முன்பே பாதி வேலை அவருக்கு முடிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் போச்சு, அது போச்சு, இது போச்சு என்று பில் போடவும் யோசிப்பார்.